பழைய ஷெல் எங்கேயும் போகவில்லை

சுதர்சன், ரத்தினம் அண்ணையின் வாயை அடைத்தது நீங்கள்.

சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. வாராவாரம் இந்தப் பத்தியை வாசிக்கிறவர்களுக்கு அது தெரியும். ரயில் தாமதம், கல்யாண மண்டபத்துச் சாப்பாடு, தொலைபேசியில் பாட்டுப் போட்டுக் காத்திருக்க வைக்கும் காப்புறுதிக்காரர்கள்... எதையாவது திட்டிக்கொண்டுதான் இருப்பேன். இந்த வாரம் திட்டுவது ஒரு மனிதரை. அதுவும், நல்லவர் என்று பெயர் எடுத்த மனிதரை.

முதலில் ரத்தினம் அண்ணை யார் என்று சொல்லிவிடுகிறேன்.

ஜெர்மனியில், ஹம் நகரில் நானும் அவரும் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தோம். பகிடி விட்டே ஷிஃப்டை முடிக்கிற ஆள். ஓய்வு பெற்ற பிறகு பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. பேச்சோடு சேர்த்து, இந்த நாட்டில் இத்தனை வருடம் கற்ற ஜெர்மனும் போய்விட்டது.

ஆனால் தமிழ் எழுத்து போகவில்லை. 'தண்ணி' என்று எழுதிக் காட்டினால் இடது கை விரல் நேரே போய் அதில் நிற்கும். ஏன் மற்றதெல்லாம் போய் இது மட்டும் நின்றது? வைத்தியர் விளக்கினார். எனக்கு விளங்கவில்லை. நின்றதே, அது போதும்.

அவர் மனைவி மலர் அக்காவுக்குக் காலையில் பேக்கரியில் வேலை. அந்த நேரத்தில் பராமரிப்புச் சேவையிலிருந்து ஒரு தாதி வீட்டுக்கு வந்து அண்ணையைக் கழுவி, உடுப்பு மாற்றி, சாப்பாடு கொடுத்துவிட்டுப் போவார். ஜெர்மன்காரி. தமிழ் ஓர் எழுத்தும் தெரியாது. அண்ணைக்கு ஜெர்மன் விளங்காது. இரண்டு பேரும் எப்படிப் பேசுவது?

அதற்குத்தான் பலகை. கட்டில் அருகே ஒரு டேப்லெட். அதில் வரிசை வரிசையாகச் சொற்கள்: ஒரு பக்கம் தமிழ், மறு பக்கம் ஜெர்மன். அண்ணை தமிழைத் தொடுவார். தாதி ஜெர்மனை வாசிப்பார். பசிக்கிறது. குளிர்கிறது. ஜன்னலைத் திறவுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே முக்கியமான ஒரு வரி: 'வலது தோள் நோகிறது, கையைத் தூக்க வேண்டாம்.' வாதம் வந்த பக்கத்துத் தோள். அதைப் பிடித்துத் தூக்கினால் அவருக்கு உயிர் போய் வரும்.

இந்தப் பலகையைச் செய்து கொடுத்தவர் சுதர்சன்தான். அதை மறைக்க மாட்டேன். வுப்பர்டால் நகரில் இருக்கிறார். கணினித் துறையில் வேலை. தமிழ்க் குடும்பங்களுக்குக் கணினி உதவி என்று ஒரு வாட்ஸ்அப் குழு நடத்துகிறார், இலவசமாக. மலர் அக்கா பழைய பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருந்த சொற்களை, எல்லாக் கருவியிலும் தெரிகிற யூனிகோடுக்கு மாற்றச் சொன்னார் அவர். மாற்றினோம். வீட்டுக் கணினியில் ஒரு சின்ன நிரலைப் போட்டுத் தந்தார். புதுச் சொல் சேர்த்ததும் அந்த ஐகானைத் தட்டினால், நிரல் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திக் கோப்பில் திரும்ப எழுதும். டேப்லெட் அதைத் தானாக எடுத்துக்கொள்ளும். நல்ல வேலை. நானே குழுவில் கைகூப்பும் படம் போட்டேன்.

அந்த நிரல் ஓடுவது ஷெல் என்கிற ஒன்றில். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: படங்களைத் தட்டாமல், கட்டளையை எழுத்தில் அடித்துக் கணினியை வேலை வாங்குகிற ஜன்னல். விண்டோஸில் அதற்குப் பவர்ஷெல் என்று பெயர். நீல நிறத்தில் திறக்கும்.

போன மாதம் குழுவில் சுதர்சனின் செய்தி வந்தது, இணையத்தில் அவர் எழுதி வைத்த வழிகாட்டியின் இணைப்போடு. வழிகாட்டி சொன்னது இது: பலகை நிரலுக்குப் புதிய பதிப்பு தயார். அடிக்கடி தேவைப்படும் சொற்கள் இனி மேலே வரும். இதற்குப் புதிய பவர்ஷெல் வேண்டும். கீழே உள்ள கட்டளையை அடித்து மேம்படுத்துங்கள். பிறகு புதிய நிரலை இறக்கி, வழமைபோல் ஓடவிடுங்கள்.

வழமைபோல். அந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மலர் அக்கா வீட்டுக்குப் போனேன். பத்தி எழுதுகிறவன் என்பதால் எனக்குக் கணினி தெரியும் என்று ஹம்மில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அக்கா தேத்தண்ணியோடு வந்து பின்னால் நின்றார்.

"தம்பி, வேலை செய்யிறதை ஏன் நோண்டுறியள்?"

"புதுசு வந்தாப் போட்டிடோணும் அக்கா. இல்லாட்டிப் பிறகு ஒண்டும் வேலை செய்யாது."

"உங்கட அண்ணையும் உப்பிடிச் சொல்லித்தான் நல்லாக் கிடந்த வோஷிங் மெசினைக் கழட்டினவர்."

நாற்காலியில் இருந்த ரத்தினம் அண்ணை இடது கையை உயர்த்தி, போதும் என்று சைகை காட்டினார். அந்தக் கதை இன்னும் அவருக்கு ரோசம்.

கட்டளையைக் கொப்பி பண்ணி ஒட்டினேன். சிவப்பாக வைதது. ஏன்? சுதர்சன் அதைக் கைபேசியில் அடித்திருக்கிறார். இரண்டு சின்னக் கோடுகள் இருக்க வேண்டிய இடத்தில் கைபேசி அழகாக ஒரு நீளக் கோட்டைப் போட்டிருந்தது. கேட்டேன். உடனே குரல் செய்தி வந்தது: "அண்ணை, அது மைனஸ் மைனஸ். ரெண்டு மைனஸ். இடைவெளி விடாதேங்கோ." சரி. ரெண்டு மைனஸ் போட்டேன். இறங்கியது. நிறுவப்பட்டது என்று சொன்னது.

ஜன்னலை மூடித் திரும்பத் திறந்தேன். நீலம். மேலே, அது எப்போதும் காட்டுகிற அதே வாசகம் — புதிய பவர்ஷெல்லை நிறுவுங்கள்!

இப்போதுதானே நிறுவினேன்?

திரும்ப அடித்தேன். ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கிறது, மேம்படுத்த ஒன்றும் இல்லை என்றது. மூடினேன், திறந்தேன். புதியதை நிறுவுங்கள் என்றது. ஒரே ஜன்னல்... அதற்கு இரண்டு வாய்! பதிப்பு எண்ணைப் பார்த்தேன். புதியது ஏழு; இதுவோ இன்னும் பழைய ஐந்துதான்.

நான் சும்மா விடவில்லை. குழுவில் எழுதினேன்: "தம்பி, நிறுவியாச்சு. ஆனால் இன்னும் ஐந்து என்றே காட்டுகிறது." படமும் எடுத்துப் போட்டேன். நீல ஜன்னல் முழுதாகத் தெரிகிற படம்.

சுதர்சன் பதில் போட்டார்: "பரவாயில்லை அண்ணை. ஒருக்கா நிப்பாட்டித் திரும்ப ஸ்டார்ட் பண்ணுங்கோ, சரிவரும்." பக்கத்தில் ஒரு கட்டைவிரல்.

நிறுத்தித் தொடங்கினேன். புதிய நிரலை இறக்கிப் பழையதன் இடத்தில் வைத்து, வழமைபோல் ஐகானைத் தட்டினேன். நீல ஜன்னல் ஒரு கணம் திறந்தது. சிவப்பு எழுத்து ஒன்றும் வரவில்லை. முடிந்தது என்று ஜெர்மனில் ஒரு சொல் வந்து மூடியது. டேப்லெட் படுக்கையறையில் சார்ஜில் கிடந்தது. அடுத்த முறை திறக்கும்போது அது தானாகப் புதியதை எடுத்துக்கொள்ளும் என்று வழிகாட்டியில் இருந்தது. நம்பினேன். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அன்று இரவு வீட்டில் யாரும் அந்தப் பலகையைத் திறக்கவில்லை. ஏன் திறக்க வேண்டும்? மலர் அக்கா அண்ணையோடு தமிழில் கதைப்பார். அவர் தலையாட்டுவார். பலகை அவர்களுக்கு இல்லை. அது தாதிக்கு.

வழமையாக வரும் தாதி அந்த வாரம் உர்லாப்பில், அதாவது விடுமுறையில், போயிருந்தார். அவருக்குப் பதிலாக வந்தவருக்குத் தோள் விவரம் தெரியாது. பலகை இருக்கிறது, நோயாளியே அதில் காட்டுவார் என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை அவர் டேப்லெட்டைத் திறந்து அண்ணையின் முன்னால் பிடித்திருக்கிறார்.

தமிழ்ப் பக்கம் முழுவதும் கேள்விக்குறி.

தண்ணீர் இருந்த இடத்தில் கேள்விக்குறி. பசி இருந்த இடத்தில் கேள்விக்குறி. மேலிருந்து கீழ்வரை வேறொன்றும் இல்லை. ஜெர்மன் பக்கத்தில்? அங்கேயும் மேலே புள்ளி வைத்த எழுத்துகளின் இடத்தில் கேள்விக்குறிதான். ஆனால் ஒரு சொல்லில் ஓர் எழுத்துப் போனால் வாசித்துவிடலாம். அவர்களுக்குப் போனது ஓர் எழுத்து. நமக்குப் போனது சொல் முழுவதும்.

புதிய தாதி அது தமிழ் எழுத்து இல்லை என்று எப்படி அறிவார்? இந்த டேப்லெட்டில் அந்த மொழி இப்படித்தான் தெரியும் போல என்று நினைத்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

சட்டை மாற்றக் கையைப் பிடித்ததும் அண்ணை பலகையைத் தேடியிருக்கிறார். எழுத்து இல்லை. தோள் வரி வழக்கமாக இருக்கும் இடம் அவருக்குப் பழக்கம். அந்த இடத்தைத் தொட்டார். ஆனால் புதிய பதிப்பு வரிசையை மாற்றிவிட்டதே... அந்த இடத்தில் இப்போது இருந்தது 'வானொலியைப் போடுங்கள்'.

தாதி சிரித்துக்கொண்டு போய் வானொலியைப் போட்டார். வந்து கையைத் தூக்கினார்.

அண்ணை கத்தினார். திரும்ப அதே இடத்தைத் தொட்டார். தாதி சத்தத்தைக் கூட்டினார். திரும்பக் கையைத் தூக்கினார். அண்ணை எறிந்த டேப்லெட் சுவரில் போய் விழுந்தது; உடையவில்லை.

இதெல்லாம் அந்தத் தாதியே பிறகு மலர் அக்காவிடம் கண்கலங்கிச் சொன்னது. ஆனால் அன்று அவர் பராமரிப்புக் கோப்பில் எழுதியது வேறு: ஒத்துழைக்க மறுக்கிறார், பொருள்களை எறிகிறார். மறுநாளும் பலகையைக் காட்டியிருக்கிறார். அண்ணை முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதையும் எழுதினார்.

வேலையால் வந்த மலர் அக்கா கோப்பை வாசித்தார். வாசித்துவிட்டு என்ன செய்தார்? அண்ணையை ஏசினார்.

"என்ன கோவம் உங்களுக்கு? வாற பிள்ளையை ஏன் பயப்பிடுத்துறியள்? உதுகளும் வராட்டி நான் வேலையை விட்டிட்டு வீட்டிலயோ இருக்கிறது?"

அவர் பேசாமல் இருந்தார். பேச முடியாதவர் பேசாமல் இருந்தார் என்று எழுதவே கை கூசுகிறது.

ஏசிக் களைத்த பிறகு, கோபத்தின் காரணத்தைக் காட்டட்டும் என்று அக்கா டேப்லெட்டை எடுத்தார். அப்போதுதான் பார்த்தார். என்னை அழைத்தார். அழவில்லை. அதைவிட மோசமான குரல்.

"தம்பி, நீங்கள் என்ன செய்தனீங்கள்? இந்தாளின்ர தமிழ் எங்க?"

ஓடிப் போனேன். கணினியில் சொற்கள் இருந்த கோப்பைத் திறந்தேன். நிரல் அதே கோப்பில் திரும்ப எழுதியிருந்தது. பழையது இல்லை. வேறு பிரதியும் இல்லை. ஸ்டுட்கார்ட்டில் கணினி நிறுவனமொன்றில் வேலை செய்யும் வித்யாவை அழைத்தேன். கோயம்புத்தூர்ப் பிள்ளை. ஒருமுறை ரயிலில் இந்தப் பத்தியைப் பற்றி என்னோடு சண்டை பிடித்துப் பழக்கமானவர். தூரத்திலிருந்தே மலர் அக்காவின் கணினிக்குள் வந்து பார்த்தார்.

"அங்கிள், நீங்க ஓட்டினது பழைய ஷெல்."

"புதுசுதான் போட்டனான் பிள்ளை. ரெண்டு தரம் போட்டனான்."

"போட்டீங்க, கரெக்ட். புதுசு உள்ளதான் இருக்கு. ஆனா அது பழசை ரிப்ளேஸ் பண்ணாது. ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருக்கும். இது ப்ளூ, அது ப்ளாக். உங்க ஐகான் இன்னும் ப்ளூவைத்தான் ஓப்பன் பண்ணுது."

"அப்ப மேம்படுத்தல் எண்டு ஏன் சொல்லுறாங்கள்?"

"நல்ல கேள்வி. எனக்குச் சம்பளம் குடுக்கிறவங்ககிட்டயே இதைத்தான் நானும் கேக்கறேன்."

நான் கொதித்தேன். வீட்டுக்குப் புதுக் குளிர்பெட்டி வாங்கினால் பழையது வெளியே போகும். இங்கே பழையவன் அதே வீட்டில், அதே கதவில், ஏறக்குறைய அதே பெயரோடு நிற்கிறான். கதவைத் தட்டினால் அவன்தான் வந்து திறக்கிறான்! 'புதியவனைக் கூப்பிடுங்கள்' என்று சொல்லிக்கொண்டே வேலையையும் செய்து முடித்துவிடுகிறான்.

சரி, கேள்விக்குறி எங்கிருந்து வந்தது? பழைய ஷெல் இந்த வகைக் கோப்பை எழுதும்போது, எந்த எழுத்துமுறை என்று சொல்லாவிட்டால் வெறும் ஆங்கில எழுத்துகளைத்தான் வைத்துக்கொள்ளும். மற்றதெல்லாம் கேள்விக்குறி. எச்சரிக்கை ஒன்றும் வராது. புதிய ஷெல் சொல்லாமலே தமிழை வைத்துக்கொள்ளும். சுதர்சனின் பழைய நிரலில் எழுத்துமுறையைச் சொல்லும் பகுதி இருந்திருக்கிறது. புதிய ஷெல்லுக்கு அது தேவையில்லை என்று புதிய பதிப்பில் எடுத்துவிட்டார்.

வித்யா இன்னொன்றும் சொன்னார். "முதல்ல ஒரே ஒரு லைன் இருந்தாப் போதும் அங்கிள், 'ஏழாவது பதிப்பு வேணும்'னு. ப்ளூ விண்டோ ஓடவே மாட்டேன்னு ரெட்ல சொல்லி நின்னிருக்கும். யார் எழுதினாங்க இதை?"

யார் எழுதினார் என்று சொன்னேன். 

தேடியதில் ஒரு கோப்பு கிடைத்தது. வித்யா அதைத் திறந்தார். "இது ஏதோ கரப்ட் ஆன ஃபைல். டெலீட் பண்ணிடவா?"

திரையில் mk;kh என்ற மாதிரி வரிகள்.

"கையை எடு பிள்ளை! அது பாமினி!"

மலர் அக்கா முதன்முதலில் அடித்து வைத்தது. பாமினியில் தமிழ் ஆங்கில எழுத்துகளின் வேடத்தில்தான் உட்கார்ந்திருக்கும். வித்யாவின் தலைமுறைக்கு அது குப்பை. எங்களுக்கு 'அம்மா' என்று வாசிக்கத் தெரியும். எழுத்துருவை மாற்றியதும் சொற்கள் வந்தன. தண்ணி வந்தது. பசி வந்தது.

தோள் வரவில்லை. தோள்நோவு பிறகு வந்தது. அதற்குப் பிறகு சேர்த்த எதுவும் அந்தக் கோப்பில் இல்லை. அண்ணையின் கட்டிலடியில் கணினியைக் கொண்டுபோய் வைத்து, நானும் அக்காவும் ஒவ்வொன்றாக நினைவுபடுத்தி அடித்தோம். அவர் தலையாட்டினால் வைத்துக்கொள்வோம். முதலாவதாகத் தோள். அக்கா அதை அடித்து எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். அவர் அதைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நான் ஏசினது பிழைதான்," என்றார் அக்கா. "உப்பிடிப் பாக்காதேங்கோ."

வித்யா ஐகானைக் கறுப்பு ஜன்னலுக்கு மாற்றினார். எழுத்துமுறையையும் போட்டார். நிரலின் தலையில் அந்த ஒரு வரியையும் போட்டார். மலர் அக்கா வீட்டுக் கதை அதோடு சரி.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. நான் சுதர்சனை அழைத்தேன்.

"அண்ணை, புதுசைப் போட்டாப் புதுசைத்தானே திறக்கோணும்? அது எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்."

"எல்லாருக்கும் எண்டா ஆருக்கு? நீர் வழமைபோல எண்டெல்லோ எழுதினீர். நான் படமும் போட்டனான். நீல ஜன்னல் உமக்குத் தெரியேல்லையோ?"

"வேலை நேரம் அண்ணை, வடிவாப் பாக்கேல்லை. நான் உதை ஓசியிலதானே செய்யிறன். இப்பிடிக் குறை பிடிச்சா ஆர் முன்னுக்கு வருவினம்?"

எங்கள் ஆட்களின் பெரிய கேடயம் இதுதான். கோயில் சபையா, தமிழ்ப் பாடசாலையா, விளையாட்டுக் கழகமா — 'ஓசியில் செய்கிறேன்' என்று சொன்னால் கேள்வி கேட்டவன்தான் குற்றவாளி. இலவசமாகத் தோளைத் திருகினால் நோகாதா? சம்பளம் வாங்காதவர் செய்த பிழை பிழை இல்லையா? நன்றி சொன்ன வாய் கேள்வி கேட்கக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

அடுத்த நாள் வழிகாட்டியைத் திறந்து பார்த்தேன். 'வழமைபோல்' காணாமல் போயிருந்தது. அதன் இடத்தில் புது வரி: கறுப்பு ஜன்னலில் மட்டும் ஓடவிடவும். திருத்தியதாக ஒரு குறிப்பும் இல்லை. முதலிலிருந்தே அப்படி எழுதியிருந்த மாதிரி!

குழுவில் எழுதினேன்: "நீல ஜன்னலில் ஓடவிட்டவர்கள் உங்கள் பலகையைத் திறந்து பாருங்கள்." சற்று நேரத்தில் அது நீக்கப்பட்டது. நிர்வாகி நீக்கினார் என்று கைபேசி சொன்னது. நிர்வாகி யார்? நீங்கள்தான், சுதர்சன். தனிச்செய்தியும் வந்தது: "அண்ணை, சனம் பயந்திடும். நான் ஒவ்வொருத்தரோடயும் தனியக் கதைக்கிறன்."

கதைத்தீர்களா? எனக்குத் தெரிந்த இரண்டு வீடுகளில் கேட்டேன். ஒருவரும் அழைக்கவில்லை என்றார்கள். அதில் ஒரு வீட்டில் தாய்க்கு மருந்து நேரங்கள் அந்தப் பலகையில்தான் இருக்கின்றன. நல்ல காலம், அவர்கள் சோம்பலில் இன்னும் மேம்படுத்தவில்லை. என் வாழ்க்கையில் சோம்பலைப் பாராட்டியது இதுதான் முதல் தடவை.

சனம் பயப்படட்டும், சுதர்சன். பயந்து திறந்து பார்க்கட்டும். இந்த நாட்டில் எத்தனை வீடுகளில் பேச்சுப் போனவர்கள் கட்டிலில் கிடக்கிறார்கள், எத்தனை தாதிகள் கேள்விக்குறியைக் காட்டி 'சொல்லுங்கள்' என்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. யார் யார் அந்த நிரலை எடுத்தார்கள் என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அவர்களில் யாராவது இப்போது கத்திக்கொண்டிருந்தால், 'மறுக்கிறார்' என்று யாரோ எழுதிக்கொண்டிருப்பார்கள்.

நீங்கள் நல்ல மனிதர். அதை நான் இன்றும் மறுக்கவில்லை. ஆகவே நல்ல மனிதர் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். வழிகாட்டியில் ஒரு வரியை விட்டுவிட்டேன், நிரலிலும் ஒரு வரியை விட்டுவிட்டேன், பலகையை உடனே திறந்து பாருங்கள் என்று உங்கள் பெயரில் எழுதுங்கள். என் செய்தியை ஏன் நீக்கினீர்கள் என்பதற்கும் அங்கேயே பதில் சொல்லுங்கள்.

எனக்குப் போன் எடுக்க வேண்டாம். குழுவில் எழுதுங்கள், எல்லோரும் வாசிக்க.